ஏழாம் பாடத்துப் புள்ளி

என் அக்காவின் கணவருக்கு நகராட்சி பேண்டு வாத்தியக் குழுவில் 'டேப்பு' என்று பேர். எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் போதும், ஃப்ளூட்டை உதட்டில் வைத்து அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். பதினெட்டு வருஷமாக அங்கே வாசிக்கிறார். பதினெட்டு வருஷமும் தற்காலிகம்தான். அணிவகுப்பு, கட்டடத் திறப்பு, பூங்காவில் ஞாயிறு சாயங்கால வாசிப்பு என்று எங்கே போனாலும் எல்லாருக்கும் போலவே அவருக்கு முன்னாலும் ஸ்டாண்டில் இசைக்குறிப்புத் தாள் இருக்கும். அதை அவர் ஒருநாளும் படித்ததில்லை. பக்கத்து ஆள் புரட்டும்போது தானும் புரட்டிவிடுவார்.

"அஞ்சு கம்பியில ஈ உக்காந்து எச்சம் போட்டு வெச்சிருக்கு. அதைப் பாத்து வாசின்னா எப்படி மச்சான் வாசிக்கிறது?" என்பார் என்னிடம்.

போன வருஷம் ஓர் உத்தரவு வந்தது. இசை தியரியில் சான்றிதழ் வாங்கியவர்களை மட்டும் நிரந்தரம் ஆக்குவார்கள். அதற்கும் நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. மாமாவுக்கு நாற்பத்து நான்கு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தேர்வு வருஷத்துக்கு ஒருமுறை. ஆக, அவருக்கு இருந்தது ஒரே ஒரு தேர்வு. அது நடக்கும் கல்லூரியில்தான் நான் முதலாம் ஆண்டு இசை படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு இசை மேல் ஏதோ தாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மார்க்குக்கு மற்ற துறைகளின் கதவு திறக்கவில்லை, இது திறந்தது. அவ்வளவுதான். ஆனால் அம்மா தெருவில் எல்லாரிடமும் "பையன் சங்கீதத்துல பட்டம் வாங்கப் போறான்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பறையை விட்டு எங்கே ஓடுவது?

அறை என்றால் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு நீளமான இடம். சுவரில் ஈரம் ஏறி சுண்ணாம்பு பொரிப்பொரியாக நிற்கும். ஆறு கீபோர்டுகள். கட்டைகளில் யார் யாரோ தின்றதன் எண்ணெய் பிசுபிசுக்கும். கை வைத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஜன்னலைத் திறந்தால் கழிப்பறை வாடை, மூடினால் எங்கள் வாடை.

வாத்தியாருக்கு நாங்கள் வைத்த பேர் 'ஈரவிரல்'. பக்கம் புரட்டுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரைக்கும் வாய்க்குள் விட்டு எடுப்பார். பாடப் புத்தகம் துறைக்கே ஒன்றுதான், பதினாறு வருஷமாக அவர் கையில் இருப்பது. பக்கங்களின் கீழ்மூலை பழுப்பேறி, டீயில் நனைத்த பிஸ்கட் போல உப்பியிருக்கும். டீயும் அவர் அந்தப் புத்தகத்துக்கு மேல் வைத்துத்தான் குடிப்பார்.

அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவோம். "பார் என்பது இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவே உள்ள இடம். நம் பாடங்களில் ஒவ்வொரு பாரிலும் நான்கு எண்ணிக்கை இருக்கும். நோட்டுக்கு, அதாவது ஸ்வரக் குறிக்கு, வலப்பக்கம் புள்ளி வைத்தால் அது தன் நீளத்தில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும்." அடிக்கோடு போட்டுக்கொள்வோம். ஆறு மாதத்தில் அந்த அறையில் அவர் எழுப்பிய ஒரே இசை, நாக்கைவிட்டு விரல் பிரியும் ஓசைதான்.

தேர்வில் 'பார்த்தவுடன் வாசித்தல்' என்று ஒரு பகுதி உண்டு. முன்பின் பார்க்காத தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். நடப்பது அதுவல்ல. புத்தகத்தில் பன்னிரண்டு பாடங்கள் இருக்கின்றன. கேட்பது அதற்குள் ஒன்றுதான். எல்லாரும் பன்னிரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து மனப்பாடம் செய்வோம். பிறகு தேர்வு அன்று முதல் தடவை பார்க்கிறவர்கள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிப்போம்.

மாமாவுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் அக்கா வீட்டுக்குப் போனேன். இரவல் வாங்கிய சின்ன கீபோர்டில் நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு ஃப்ளூட்டை எடுப்பார். அதன் நுனியிலிருந்து எச்சில் சொட்டும். அதைத் துடைக்க ஒரு துணி வைத்திருப்பார். அந்தத் துணியை அக்கா இடுக்கியால்தான் தொடுவாள்.

ஆறு பாடங்கள் ஆறு வாரத்தில் ஏறிவிட்டன. ஏழாவதில் நின்றார்.

"இன்னொரு வாட்டி வாசி."

வாசித்தேன். எழுந்து நின்று, என் வாசிப்புக்கு ஏற்ப நின்ற இடத்திலேயே நடை போட்டார். இடது, வலது, இடது, வலது. மூன்றாவது பாரில் கால் தரைக்கு வராமல் தொங்கியது.

"இங்க இடறுது மச்சான்."

"பேப்பர்ல அப்படித்தான் மாமா இருக்கு. இந்த நோட்டுக்குப் புள்ளி இருக்கு பாருங்க. நீட்டணும்."

"பேப்பர்ல இருக்கலாம். காலுக்கு ஒத்து வரலியே."

"இது காலுக்கு எழுதினது இல்ல. அங்க நின்னு போகணும், அது ஒரு உணர்ச்சினு சார் சொல்லியிருக்கார்."

"உணர்ச்சியா? எனக்குக் கல்லு தடுக்கின மாதிரி இருக்கு."

அக்கா அவருடைய பேண்டு வாத்திய உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே, "படிக்கிறவன் சொல்றான், கேட்டுக்கோங்களேன். உங்க காலா காலேஜுக்குப் போச்சு?" என்றாள்.

மாமா சிரித்துவிட்டார். உட்கார்ந்து, கல் தடுக்கினது உட்பட அப்படியே பதிந்துகொண்டார்.

நான் எண்ணியிருக்கலாம். அந்தப் பாரில் நான்கே நான்கு நோட்டுகள், ஒவ்வொன்றும் ஓர் எண்ணிக்கை. ஒன்றுக்குப் புள்ளி வைத்தால் நாலரை ஆகிவிடும், பாரில் அடங்காது. இதற்குத் தியரி வேண்டாம், விரல் போதும். விதியை அடிக்கோடு போட்டு எழுதியவன் நான். ஏன் எண்ணவில்லை? படித்தவன் எண்ண வேண்டியதில்லை என்று எனக்குள் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

தேர்வாளர் வெளியூர்க்காரர், வயதான பெண்மணி. எங்கள் புத்தகத்தை மேசையில் பார்த்ததும் கைக்குட்டையால் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, தன் பையிலிருந்து அதே புத்தகத்தின் சுத்தமான பிரதியை எடுத்தார். காலையில் எங்களுக்குத் தேர்வு. என்னையும் சேர்த்து மூன்று பேருக்கு ஏழாம் பாடம் வந்தது. மூன்று பேரும் மூன்றாம் பாரில் உணர்ச்சியோடு நின்று போனோம். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கி ஏதோ குறித்துக்கொண்டார்.

மத்தியானம், சான்றிதழுக்காக ஈரவிரலின் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தவர்கள்; மாமாவும் அதில் ஒருவர். ஸ்டாண்டில் தாள் வைக்கும் வேலையை ஈரவிரல் எனக்குக் கொடுத்திருந்தார். மாமா இஸ்திரி போட்ட பேண்ட் உடுப்போடு வந்தார். அவருக்கும் ஏழு.

அழகாகத்தான் வாசித்தார். மூன்றாம் பாரில் நின்றார்.

"போதும்," என்றார் அந்த அம்மாள். "காலையில மூணு பேரு, இப்ப நீங்க. எல்லாரும் ஒரே இடத்துல நிக்கிறீங்க. இந்தத் தாள்ல புள்ளி எங்க இருக்கு? காட்டுங்க."

மாமா தாளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தச் சுத்தமான தாளில் புள்ளி இல்லை.

ஈரவிரல் நாற்காலியை முன்னால் இழுத்தார். "மேடம், காலைப் பசங்க பயத்துல இழுத்திருப்பாங்க. இவர் விஷயம் வேற. பேண்ட்காரர். காதால கேட்டு வாசிக்கிறவர், படிக்கவே தெரியாது. வேணும்னா ஒரு நோட்டைக் காட்டி என்னனு கேளுங்க."

அந்த அம்மாள் ஒரு நோட்டைக் காட்டிக் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை.

"யார் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினது?"

மாமாவின் கண் ஒரு நொடி என் மேல் பட்டது. பிறகு சுவர்ப் பக்கம் போய்விட்டது. "நானா அங்க இங்க கேட்டதுதான் மேடம். தப்பாக் கேட்டுட்டேன்."

நான் தாளைப் பிடித்தபடி நின்றேன். என் வாய் காய்ந்துவிட்டது. அந்த அறையில் காய்ந்திருந்தது அது ஒன்றுதான்.

மாமாவுக்குப் பன்னிரண்டு மார்க். எனக்கு எண்பத்திரண்டு.

மறுநாள் துறைப் புத்தகத்தைத் திறந்து ஏழாம் பாடத்தைப் பார்த்தேன். புள்ளி அங்கேயே இருந்தது, ஆனால் மையின் கருப்பில் இல்லை, பழுப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். உதிர்ந்து நகத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. டீயோ எச்சிலோ இரண்டும் சேர்ந்ததோ, ஜெராக்ஸில் கருப்பாகி எங்களுக்குப் பாடமாகிவிட்டது. இவருடைய வாயிலிருந்து விழுந்ததை எத்தனை பேர் உணர்ச்சியோடு வாசித்திருப்போம். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நகம் மட்டும் என்னவோ போலவே இருந்தது.

ஈரவிரலிடம் போனேன். "சார், நம்ம ஜெராக்ஸ்ல ஏழாம் பாடம் மூணாவது பார்ல நாலரை வருது. எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணவில்லை. "பதினாறு வருஷமா யாரும் எண்ணல. நீ எண்ணிட்ட. சரி. எண்பத்திரண்டு வாங்கியிருக்கேல்ல, அதையும் ஒரு தடவை எண்ணிக்கோ." விரலை வாய்க்குள் விட்டு எடுத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

அன்று மத்தியானமே தேர்வாளருக்குக் கடிதம் எழுதினேன். கறையைப் பற்றி, எங்கள் ஜெராக்ஸைப் பற்றி, மூன்று பேரில் நானும் ஒருவன் என்பதைப் பற்றி. மாமாவுக்குப் படிக்கத் தெரியாது, சொல்லிக்கொடுத்தவன் நான், தப்பு என்னுடையது என்பதையும் எழுதினேன். தபால் பெட்டிக்குள் போட்டதும் குளித்துத் தலை துவட்டிய மாதிரி இருந்தது. நேராக அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

மாமா ஃப்ளூட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டு முடித்தார்.

"என்னைக் கேட்டியா?"

"உண்மையத்தானே மாமா எழுதினேன்."

"தப்பாக் கேட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். கௌரவமா முடிஞ்சுது. நீ எழுத்துல கொடுத்திருக்க, இந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாதுனு. பதினெட்டு வருஷம் பக்கத்துல உக்காந்து தாள் புரட்டினவனுக்குக்கூட அது தெரியாதுடா." ஃப்ளூட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "உன் கை கழுவ என் தண்ணிய எடுத்துக்கிட்ட."

எனக்காகப் பேசுவாள் என்று அக்காவைப் பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "நீ அன்னிக்கே எண்ணியிருக்கலாம்லடா."

பத்து நாளில் கல்லூரிக்கு உத்தரவு வந்தது. ஏழாம் பாடம் வாசித்த நான்கு பேருக்கும் மறுதேர்வு, அந்தப் புத்தகத்தில் இல்லாத தாளில். மூன்று வார அவகாசம். மற்ற இரண்டு மாணவர்களும் என்னோடு பேசுவதை அன்றே நிறுத்திவிட்டார்கள். பேண்டிலும் செய்தி பரவியது. டேப்பு என்பது போய், 'குருட்டு டேப்பு' ஆனார் மாமா.

மூன்றாம் நாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கட்டிலில் உட்கார்ந்து, பேண்டிலிருந்து எடுத்து வந்த ஒரு தாளை நீட்டினார். "எண்ணு," என்றார்.

அவர் பதினெட்டு வருஷமாக வாசித்து வரும் அணிவகுப்புப் பாட்டுதான் அது. ஒவ்வொரு பாராக விரல் வைத்து எண்ணினோம். அவர் நடை போட்டார், நான் நோட்டின் பேரும் நீளமும் சொன்னேன். கண்ணை மூடினால் பறக்கும் பாட்டு, கண்ணைத் திறந்தால் தவழ்ந்தது. நான்காம் நாள் தாளைத் தூக்கி எறிந்தார்.

"தெரிஞ்ச பாட்டையே தெரியாதவன் மாதிரி வாசிக்கணும்னா குமட்டுது மச்சான். என் வாத்தியம் எனக்கே நாறுது."

"விட்டுடலாமா மாமா?"

"எடு அந்தச் சனியன."

எடுத்தேன். எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை என்பது அந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது. இரண்டு இடத்தில் நான் தப்பாகச் சொல்லி, அவர் கால் இடறி நின்றது. இரண்டு தடவையும் எண்ணினேன். இரண்டு தடவையும் கால்தான் சரி.

மறுதேர்வில் எனக்கு முதல் அழைப்பு. மனப்பாடம் இல்லாத தாளில் என் விரல்கள் யாருடையவோ போல இருந்தன. பிறகு மாமா. ஃப்ளூட்டை உதட்டில் வைத்தவர், கீழே இறக்கினார். தாளுக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

"மேடம், இது புள்ளியா, அழுக்கா?"

அந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். விரல் நகத்தால் மெல்லச் சுரண்டியும் பார்த்தார். "புள்ளிதான்."

"அப்ப சரி," என்று காலைத் தட்டி வாசித்தார். கேட்கச் சகிக்கவில்லை. இரண்டு இடத்தில் நின்று, வாய்க்குள் எண்ணி, மறுபடி தொடங்கினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டுவது போல இருந்தது. ஆனால் புள்ளி வந்த இடத்தில் கால் இடறவில்லை.

பாஸ் மார்க் நாற்பது. அவருக்கு நாற்பத்திரண்டு, எனக்கு முப்பத்தேழு.

மாமா இப்போது நிரந்தரம். பூங்காவில் வாசிக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டே வாசிக்கிறார். "முன்னாடி மரத்தைப் பாத்துட்டு வாசிப்பேன், ஆளுங்களப் பாத்துட்டு வாசிப்பேன். இப்பக் கண்ணு தானா அந்த ஈ எச்சத்துக்குப் போகுது. நீ பண்ணின வேலைடா," என்கிறார். இது திட்டா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே, தோற்ற அந்தத் தேர்வுக்காக முதலாம் ஆண்டுக்காரர்களோடு உட்காருகிறேன். அதே ஈரம், அதே விரல். போன வாரம் புது ஜெராக்ஸ் வந்தது. போன வருஷத்து ஜெராக்ஸிலிருந்து எடுத்த ஜெராக்ஸ். ஏழாம் பாடத்தில் புள்ளி முன்னைவிடக் கருப்பாக இருந்தது.

பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "மூணாவது பார்ல எண்ணிப் பாருங்க," என்றேன்.

"எண்ணத் தேவையில்ல. அங்க நின்னு போகணும்னு சார் சொல்லிட்டார்," என்றாள். அவள் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டு முடித்திருந்தாள்.

அவளுடைய தாளை என் பக்கம் இழுத்து, மேசைக்கு அடியில் என் காலைத் தட்டத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. அவள் முகம் சுளித்தாள். சுளித்துக்கொண்டே அந்தத் தட்டலைக் கேட்டாள்.