பிரிக்காத பொட்டலம்

தைப்பூசத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, கிள்ளானில் ஒரு மருத்துவமனை வாசற்பெஞ்சில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். நினைவிழந்து கிடந்த மனைவியின் அழுகிய காலை உடனே எடுக்க டாக்டர்கள் அவருடைய சம்மதம் கேட்டிருந்தார்கள். கோயிலில் பூக்கேட்டு எடுத்த பொட்டலத்தை அவர் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். சிவப்புப் பூ வந்தால் காலை எடுக்கலாம், வெள்ளை வந்தால் வேண்டாம்.

“பிரிச்சுப் பாருங்கண்ணே.”

“பிரிச்சா முடிவு பண்ணணும்லா, பாஸ்.”

காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் போன நர்ஸ், சாயங்காலம் வந்து, “இனி சைன் வேணாம் அங்கிள். ஆன்டி போயிட்டாங்க,” என்றாள்.

அப்போதுதான் பிரித்தார். பார்த்ததும் கையை இறுக மூடிக்கொண்டார்.

“வெள்ளைதான் பாஸ். சாமியே வேணாம்னு சொல்லிருக்கு.”

விரலிடுக்கில் செம்பருத்திச் சாறு சிவப்பாகக் கசிந்தது.

“ஆமாண்ணே,” என்றேன்.