பொம்மையிடமும் கேட்கும் தாதி

என் ஐந்து வயது மகளின் அறுவைச் சிகிச்சைக்கு முன்தான் மருத்துவமனையில் அந்தத் தாதியைச் சந்தித்தேன். சின்ன வயசு, கண்ணாடி அடிக்கடி மூக்கு நுனிக்கு நழுவும். பிள்ளைகளின் பயம் போக, துணிப்பொம்மை வைத்து விளையாடுவார். பொம்மையை எடுக்கும் முன்கூட, “தொடட்டுமா?” என்று அதனிடம் கேட்பார்.

“இப்ப நான் இல்ல, நீதான் தாதி மிஸ்ஸி. இந்தப் பாப்பாவுக்கு ஊசி போடு லா,” என்று விளையாட்டு ஊசியை மகளிடம் நீட்டினார்.

மகள் பொம்மையின் வாயைப் பொத்தினாள். “அழுதா உன்ன இங்கயே விட்டுட்டு வீட்டுக்குப் போயிருவேன்.”

எங்கள் ஊர் பாசிர் பெனம்பாங்கிலிருந்து வரும்போது காரில் நான் அவளிடம் சொன்னது அது.

தாதி என் முகத்தைப் பார்த்தார். பொம்மையை என் மடியில் வைத்தார். “அண்ணே, அடுத்து நீங்க விளையாடுங்க.”

பொம்மையை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.