டீ நேரத்தில் எடுத்த படம்

கீழே பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் ஓடும்வரை எங்கள் மொட்டைமாடி அதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் திருப்பூரின் இரவு வெளிச்சத்தை, மிஷின்கள் நிற்கும் டீ நேரத்தில்தான் படமெடுப்பேன். ஒரே காட்சியை இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக மூன்று படங்கள் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பேன். இடையில் அசைந்தவர்களை மென்பொருளே அழித்துவிடும்.

அப்படிச் சேர்த்த படத்தைக் கீழே வேலை செய்யும் ஒரு மிஷின் ஆபரேட்டரிடம் காட்டினேன்.

"ஊரு பளபளன்னு இருக்குதுங்க. டீக்கடையில நின்ன நாங்க எங்கீங்க?"

சுருக்கென்றது. யாரையும் அழிக்காமல் மறுபடி சேர்த்தேன். டீக்கடை முன்னால் ஆட்கள் புகைபோலத் தெரிந்தார்கள். போட்டிக்கு அனுப்பினால் பிழை என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்போது அந்தப் படம் கீழே சுவரில் தொங்குகிறது. ஒரே புகையைக் காட்டி நாலு பேர், "இது நானுங்க" என்கிறார்கள். நாலு பேரிடமும் "ஆமாங்க" என்கிறேன்.