குழி முனியப்பன்

பாஞ்சாலை செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பொம்மைக்கு மீசை இருந்ததை யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் அச்சு வார்ப்பவள் அவள். கொலு செட்டில் வரும் காவல்காரன் பொம்மை ஒன்று சூளையில் விரிசல் விட்டு ஒதுங்கிக் கிடந்தது. அதன் பொந்துக்குள் பழைய போனை வைத்து, நெஞ்சில் ஓட்டை போட்டு, எது அசைந்தாலும் தானாக வீடியோ எடுக்கும்படி செய்தாள். கம்பெனிக்குப் பின்னால், மண் எடுத்து விட்டுப்போன குழியில் நரி குட்டி போட்டிருந்தது. பொம்மையை அந்தக் குழியோரம் வைத்துவிட்டு, போனுக்குச் சார்ஜ் ஏற்ற தினம் வேலை முடிந்து போய்வந்தாள். அந்தக் குட்டிகளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நகையா கேட்டாள், புடவையா கேட்டாள்?

புருஷன் பிரபாகரனுக்கு இது பிடிக்கவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவன். திட்டமாட்டான். சோற்றைப் பிசைந்தபடியே, "இருட்டுற நேரத்துல குழிப்பக்கம் போவாத பாஞ்சால, ஸ்டாண்டுல ஒரு மாதிரி பேசறாங்க" என்பான்.

"நரி பாக்கத்தாங்க போறேன்" என்றால் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவான். கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம்.

இதற்கிடையில், கூட வேலை பார்க்கும் அமிர்தத்தின் காணாமல் போன ஆடு பொம்மைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. போதாதா? முறுக்கு மீசை, கையில் தடி, நெஞ்சில் மின்னுகிற ஒரு கண்! "அய்யோ, முனியப்பன்டி!" என்று அமிர்தம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரமே மஞ்சள் துணி, எலுமிச்சம்பழ மாலை, சூடம். சாமியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? 'அது என் போனு' என்று வாயைத் திறந்தால் ஊரே சேர்ந்து பிய்த்துவிடும். வேறு வழியில்லாமல் அவளும் விளக்குப் போடப் போனாள். துணி மாற்றுகிற சாக்கில் முதுகுப்பக்கம் கைவிட்டு மெமரி கார்டை உருவிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் போனில் போட்டுப் பார்த்தாள். நரியைக் காணோம். அத்தனை சூடப் புகைக்கு எந்த நரி வரும்? ஒருத்தி மாமியாருக்கு வாய் கோணவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்கடுத்து ஒரு காக்கிச் சட்டை வந்து மண்டிபோட்டது. பிரபாகரன்! அழுதுகொண்டிருந்தான்.

"முனியப்பா, அவ நல்லவதான், எனக்குத் தெரியும். ஊரு வாயத்தான் மூட முடியல. அவ வூட்ட வுட்டு எங்கியும் போவாம நீதான் பாத்துக்கணும். கால ஒடச்சாவது வூட்டுலயே வையி. கெடா வெட்டுறேன்."

பாஞ்சாலை போனைக் கவிழ்த்து வைத்தாள். சண்டை போடலாம் என்றால் அவன் அழுகிறான். கேட்டுவிடலாம் என்றால் உனக்கெப்படித் தெரியும் என்பான்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "முனியப்பனப் பாத்துட்டு வரலாமா, ரெண்டு பேரும்?"

போனார்கள். கைகூப்பி நின்றவளுக்கு, பக்கத்தில் அவன் உதடு முணுமுணுப்பதைக் கண்டதும் பொறுக்கவில்லை. "முனியப்பா, கெடாவுக்கு ஆசப்பட்டு என் கால ஒடச்சிடாத!" என்று கத்தியேவிட்டாள்.

பிரபாகரன் வெலவெலத்துப் போனான். நான் தனியாகக் கேட்டது இவளுக்கெப்படித் தெரியும்? இரண்டு கையையும் தூக்கி அவளையே கும்பிட்டான். விளக்குப் போட வந்திருந்த பெண்களும் கும்பிட்டார்கள்.

இப்போது குழிக்குப் போகவேண்டாம் என்று யாரும் அவளைத் தடுப்பதில்லை. எங்கே போனாலும் குறி கேட்க ஒரு கூட்டம் பின்னாலேயே வருகிறது. முன்னால் பிரபாகரன், வழி விடச்சொல்லிக்கொண்டு.