நானூற்றுப் பன்னிரண்டு தண்டு

அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைக் காவலாளி மூன்று முறை படித்தாள். நான்காவது முறை படிக்கும்போது காது மடல் சுட்டது. முட்புதர்க்காட்டில் வேலி போட்ட மூலையில் ஒன்பது வருஷமாக அவள் காத்துவரும் சாம்பல்நிறச் செடி, உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி, இனி ‘மிக அருகிய இனம்’ இல்லையாம். பட்டியலில் ஒரு படி இறக்கிவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு செடிகள் இருப்பதால் தனிக்காவல் தேவையில்லை. திங்கட்கிழமை வேலி அகற்றப்படும். நிலம் சரளை வெட்ட விடப்படும். கடைசி வரியில் அவளுடைய கணக்கெடுப்புக்கு நன்றி வேறு.

“நன்றியாமே!” என்று கடிதத்தை மேசைமேல் அறைந்தாள்.

தையல் மெஷினில் குனிந்திருந்த புருஷன் நிமிரவில்லை. “செடி பெருகினா சந்தோஷப்படாம எதுக்கு மேசைய அடிக்கிற? நம்ம வீட்டுல மேசை ஒண்ணுதான் இருக்கு.”

“பெருகலைங்க. பதினொண்ணுதான் இருக்கு.”

“அப்ப நானூத்திப் பன்னெண்டுன்னு எழுதினது யாரு?”

அதுதான் அவளைச் சுட்டது. அவளேதான் எழுதினாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அப்போதிருந்த அதிகாரி ஒரு படிவத்தைக் கொடுத்து, தரையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தண்டையும் எண்ணச் சொன்னார். படிவத்தில் ‘எண்ணிக்கை’ என்று ஒரே ஒரு கட்டம். எதன் எண்ணிக்கை என்று அதில் இல்லை, அவளும் கேட்கவில்லை. மழைக்குப் பின் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, முழங்காலில் நகர்ந்து, எண்ணிய தண்டில் நீலச் சாக்பீஸால் கோடிழுத்து, துணியெல்லாம் முள்ளோடு வீடு திரும்புவாள். தெருவில் அவளுக்கு முள்ளம்பன்றி என்றே பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன மழையில் ஓடை கரையை அரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏழு தண்டுள்ள ஒரு புதர் வேரோடு சாய்ந்து கிடந்தது. ஏழுக்கும் வேர் ஒன்று. மற்றவற்றின் அடியிலும் ஈர மண்ணை விரலால் தள்ளிப் பார்த்தாள். பதினொரு வேர். அன்றே அலுவலகத்துக்கு எழுதினாள். ஆறு மாதம் பதிலில்லை. வந்தது இந்த நன்றிதான்.

ஒன்று என்பது எது என்று முடிவு செய்யாமல் எண்ணத் தொடங்கினால், எத்தனை நேர்மையாக எண்ணினாலும் பொய்யில்தான் போய் நிற்போம். அவள் நேர்மையாகத்தான் எண்ணினாள். கோபம் ஆறாததற்கு அதுவே காரணம்.

இப்போதைய அதிகாரி அவளைவிடப் பத்து வயது இளையவர். கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

“பாருங்கம்மா, பதினெட்டுப் படிவம். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து.”

“தண்டை எண்ணச் சொன்னாங்க, எண்ணினேன். உங்களுக்குப் பத்து விரல் இருக்கு, அதுக்காக நீங்க பத்து ஆளா சார்?”

பக்கத்து மேசை எழுத்தர் சிரிப்பை இருமலாக மாற்றினார். அதிகாரி அவரை முறைத்தார்.

“வாயால சொன்னா பட்டியல் மாறாது. ஆதாரம் வேணும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினா ரெண்டு வருஷம் ஆகும்.”

“திங்கக்கிழமை லாரி வருதே?”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

“நாளைக்கு ஒரு நாள் வெயில்ல வந்து நில்லுங்க. தோண்டிக் காட்டுறேன்.”

“தோண்டினா செடி என்னாகும்?”

“செத்துரும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வருகிறேன் என்று சொல்லும்வரை அவள் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஓடைக்கரையில் சாய்ந்த புதர் எப்போதோ மட்கிப்போயிருந்தது. சின்னப் புதரைத் தோண்டியிருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று தண்டைக் காட்டினால் தற்செயல் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் இருப்பதிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்தாள். அறுபத்துமூன்று தண்டு. மண் கல்லாக இறுகிக் கிடந்தது. கடப்பாரையின் ஒவ்வொரு குத்தும் பழைய அதிகாரிக்கும், படிவத்தை அச்சடித்தவனுக்கும், கேட்காமல் விட்ட தன் வாய்க்கும் சேர்த்து விழுந்தது. மதியத்துக்குள் மணிக்கட்டுப் பருமனில் வேர் வெளியே வந்தது. அதிகாரி குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு தண்டாகத் தடவிக்கொண்டே வேர்வரை போனார். நேரமெடுத்துப் பார்த்தார் என்பதை மட்டும் அவருக்காகச் சொல்லலாம்.

“எல்லாம் ஒண்ணுதான்,” என்றார்.

“இதைத்தான் ஆறு மாசம் முன்னாடியே எழுதினேன்.”

“அந்தக் கடிதம் என் மேசைக்கு வரலம்மா.”

“உங்க மேசைக்கு வரலைன்னா இது சாகணுமா சார்?”

அவர் எழுந்தார். புகைப்படம் எடுத்துக்கொண்டார். வேலிக்கு வெளியே நின்ற ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து, வேலி அகற்றுவதை நிறுத்தவும் பட்டியலைத் திருத்தவும் எழுதத் தொடங்கினார். அவள் வேலிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உயிருள்ள செடிகள், பதினொன்று,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

“பத்து.”

அவர் குழியைத் திரும்பிப் பார்த்தார். அடித்துத் திருத்தினார். மையுலரக் காத்திருந்தவருக்கு நேரே வேலிக்கதவை இழுத்து அறைந்து அவள் பூட்டினாள்.