ரோலரும் தேர்தல் தேதியும்

கங்கப்பன் ரோடு ரோலர் ஓட்டத் தொடங்கி இருபது வருடமாகிறது. வீடு தளிப் பக்கம். வேலை கர்நாடக எல்லைக்கு இருபுறமும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நெருங்கினால் இங்கே தார் கொதிக்கும். அது முடிந்த இரண்டாம் வருடம் கர்நாடகத்தில் கொதிக்கும். நடுவில் ரோலர் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். மழைக்குக்கூட இல்லாத இந்த ஒழுங்கு எப்படி வந்தது என்று அவர் அடிக்கடி யோசிப்பார். மகள் மாதேஸ்வரியின் கல்யாணத்தையே ரோலர் தூங்கும் மாதமாகப் பார்த்துத்தான் வைத்தார்.

அவருடைய தெரு மட்டும் மண்ணாகவே கிடந்தது.

"ரெண்டு ஸ்டேட்டுக்கும் ரோடு போடறீங்க, நம்ம வாசல்ல சேறு" என்பாள் மனைவி சாந்தம்மா.

இந்த முறை அந்தத் தெருவுக்கும் உத்தரவு வந்துவிட்டது. ஒருநாள் மதியம் ஒப்பந்தக்காரர் ஜெகதீஷ் போனில் பதறினார்.

"அண்ணா, நாலு மணிக்குத் தேர்தல் தேதி சொல்றாங்களாம். அப்புறம் புது வேலை தொடக்கூடாது. தொட்ட வேலைன்னா தடையில்ல. உங்க தெருவுல ஜல்லி கொட்டியாச்சு. ஒரு தடவ உருட்டிடுங்க, போட்டோ எடுத்துக்கறேன்."

ரோலர் நின்றது தேன்கனிக்கோட்டையில்.

"லாரியில ஏத்தி அனுப்பேன்பா."

"லாரியெல்லாம் ஜல்லி கொட்டப் போயிருக்குண்ணா."

பதினைந்து கிலோமீட்டர். மணிக்கு ஆறு, ஏழுக்கு மேல் ரோலர் போகாது. பால்காரனின் சைக்கிள்கூட முந்திக்கொண்டு போனது. டீக்கடை முனிவேல் வெளியே வந்து பார்த்தான்.

"என்னண்ணா, நடந்தே போயிருக்கலாமே?"

"டிவியில தேதி சொல்லிட்டாங்களா?"

"இன்னும் மைக்கு வெக்கறாங்க. நீ மெதுவாவே போ."

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரோலர் தெருவுக்குள் நுழைந்தது. ஜல்லி நெரிபடும் சத்தம் கேட்டு எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. நாற்பதடி உருண்டதும் ஜெகதீஷ் கையைக் காட்டினார். படம் எடுத்தார். சிறிது நேரத்தில் அவருடைய போனிலேயே தேர்தல் தேதி அறிவித்த செய்தியும் வந்துவிட்டது.

"இதோட ஏழு தெரு தொட்டாச்சுண்ணா" என்றார் சிரித்தபடி, வண்டியில் ஏறிக்கொண்டே.

தொட்ட ஏழு தெருவையும் முடிக்க இருப்பது இந்த ஒரே ரோலர்தான் என்பது கங்கப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

சாந்தம்மா ஜல்லியின் மேல் நடந்து பார்த்தாள். நாற்பதடியோடு அது முடிந்தது. அவர்கள் வீடு அதற்கு அப்பால் நான்காவது.

"மிச்சம் எப்பங்க?"

கங்கப்பன் இறங்காமலே கணக்குப் போட்டார். ஏழில் இந்தத் தெரு கடைசி, முறை வருவதற்குள் தேர்தல் முடிந்துவிடும்; பிறகு ஓட்டெண்ணி, ஆட்சி அமைந்து, ஆள் மாறினால் ஒப்பந்தக்காரரும் மாறி...

"உள்ளாட்சித் தேர்தல் வந்தாத்தான்."

"அப்ப கர்நாடகாவுலயும் எதாச்சும் தேர்தல் வந்து, உங்கள அங்க கூப்பிடாம இருக்கணும்" என்றாள் அவள்.