ஒன்பதாம் அதிகாரத்துக் கொலைகாரன்

1. ஒரு போன் அழைப்பு

புத்தகம் அச்சுக்குப் போகிற வாரத்தில் நூலாசிரியரிடமிருந்து போன் வந்தால் பேனையை எடுத்துக்கொண்டுதான் பேசுவேன். பெரும்பாலும் ஒரு எழுத்துப்பிழையாக இருக்கும், அல்லது நன்றியுரையில் விடுபட்டுப்போன ஒரு மாமியாக இருக்கும். அன்று ரூத் சொன்னது வேறு.

"வசந்தி, ஒன்பதாம் அதிகாரத்தை நிப்பாட்டுங்கோ. அந்த ஆள் கொலைகாரன் இல்லை."

ரூத் ஆங்கிலப் பெண்மணி, சொன்னதும் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

லண்டனில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் புரொடக்சன் எடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கைப்பிரதி வந்த நாளிலிருந்து அச்சகத்துக்குப் போகும்வரை புத்தகம் என் பொறுப்பு. குட்மேய்ஸில் ரயில் ஏறி வைட்சாப்பலில் இறங்கினால் ஒஃபிஸ். விக்டோரியா காலத்தில் தொடர் கொலைகள் நடந்து, செய்தது யார் என்று இன்றுவரை துலங்காத பகுதி அது. பின்னேரங்களில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே சுற்றுலாக் கூட்டங்கள் நிற்கும். ஒரு வழிகாட்டி டொக்டர்தான் கொலைகாரன் என்பார், அடுத்தவர் ஒரு பிரபு என்பார்.

ரூத்தின் புத்தகமும் அந்தக் கொலைகளைப் பற்றித்தான், ஆனால் அவர் அந்த ரகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்தவர். சம்பவம் நடந்த காலத்தில் எழுதப்பட்டது ஒரு பக்கம், பிறகு வந்தவர்கள் சொன்னது மறுபக்கம், இரண்டையும் கலக்கக் கூடாது என்பது அவருடைய விதி. மரண விசாரணையில் ஒரு சாட்சி "உயரமான ஆள்" என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்த ஆளின் தலையில் தொப்பியை வைத்தது யார், எந்த வருசம் வைத்தார் என்று தேடிப் போவார். கைப்பிரதியில் முக்கால்வாசி இப்படித் தொப்பி கழற்றுகிற வேலைதான். ரெபரன்ஸ் சரிபார்ப்பது அலுப்பான வேலை. ரூத்தின் கைப்பிரதியை மட்டும் ஆசையோடு திறப்பேன்.

அப்படிப்பட்டவர் ஒரேயொரு இடத்தில் ஒரு ஆளைச் சுட்டியிருந்தார். ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் ஒரு கப்பல் சமையல்காரர். முன்பு ஒரு பெண்ணை அடித்துச் சிறைக்குப் போனவர். கொலை நடந்த ஒவ்வொரு தடவையும் அவருடைய கப்பல் லண்டனில் நின்றது. அந்த அதிகாரத்தை நம்பித்தான் பதிப்பகம் புத்தகத்தை எடுத்தது. வரப்போகும் புத்தகங்களின் கேட்டலாக்கில் சமையல்காரரின் பெயரைப் போட்டுக் கடைகளுக்கும் அனுப்பி, இணையத்திலும் ஏற்றியாகிவிட்டது. "கண்டுபிடித்தாகிவிட்டது" என்ற வரியோடு அட்டையும் அடித்தாகிவிட்டது. ஒரு டிவி நிறுவனமும் பேசிக்கொண்டிருந்தது.

2. கப்பல் நின்ற இடம்

மறுநாள் காலை ரூத், எங்கள் முதலாளி மார்ட்டின், நான் மூன்று பேரும் மீட்டிங் அறையில் இருந்தோம். மார்ட்டின் கெட்ட மனிதர் இல்லை. அந்த வருசம் ஒஃபிஸ் முழுவதும் அந்த ஒரு புத்தகத்தைத்தான் நம்பியிருந்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"ஒரு கொலை நடந்த அண்டைக்குக் கப்பல் வந்துசேர்ந்தது எண்டு அந்தக் காலத்துப் பேப்பரில இருந்தது. லண்டனுக்கு வந்திட்டுது எண்டு நான் எடுத்திட்டன். ஆனா அந்தப் பேப்பர் வந்துசேர்ந்தது எண்டு போடுறது கிரேவ்செண்டுக்கு வாறதை. அது ஆத்து முகத்துப் பக்கம், லண்டனிலயிருந்து எவ்வளவோ தூரம். துறையில இடமில்லாமல் கப்பல் அண்டிரவு அங்கதான் நிண்டது. மற்றப் பேப்பர்களிலயும் பாத்திட்டன்," என்றார் ரூத்.

"ஆர் இதைப் பிடிச்சது? வேற ஆராவது எழுதப் போகினமோ?"

"ஒருத்தரும் இல்லை. புத்தகத்தை முடிச்சாப் பிறகு, என்னைப் பிழையெண்டு காட்ட ஏதும் இருக்கோ எண்டு நானேதான் தேடினன்."

மார்ட்டின் நெற்றியைத் தடவினார். "சமையல்காரன் ரயில் பிடிச்சு வந்திருக்கலாம்தானே?"

"வந்திருக்கலாம். வந்ததுக்கு ஆதாரம் இல்லை. மற்ற ஆக்களின்ர 'இருக்கலாம்' எல்லாத்தையும் எட்டு அதிகாரமாக் கிழிச்சுப்போட்டு, என்ர 'இருக்கலாம்' ஒண்டை மட்டும் விட ஏலாது."

"அப்ப சந்தேக நபர் எண்டு மெதுவாப் போடுவம். ஆள் செத்து நூறு வருசம். ஆர் வந்து கேக்கப் போகினம்?"

"அதுதான் பயமாயிருக்கு. அவருக்கு எழும்பி வந்து, அண்டிரவு நான் கப்பலில நிண்டனான் எண்டு சொல்ல ஏலாது. அவருக்காக அதை நான்தான் சொல்லோணும்."

என் கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தேன். நான் வளர்ந்த இடத்தில், சண்டைக் காலத்தில், ஒருவரைக் காட்டி "இவன்தான்" என்று சொல்ல ஒரு வாய் போதுமாக இருந்தது. என்னோடு படித்த ஒருத்தியின் அண்ணையை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவரைப் பற்றிச் சொன்னது பொய் என்று பிறகு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவர் திரும்பி வரவில்லை. இதை நான் அந்த அறையில் சொல்லவில்லை. ஆனால் ரூத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். தன் நூலின் மகுடத்தைத் தானே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் இருந்தார்.

"இதை மாத்தாமல் அச்சடிக்கிறதெண்டா, என்ர பேரை அட்டையில இருந்து எடுங்கோ," என்றார்.

மார்ட்டின் என் பக்கம் திரும்பினார். "வசந்தி, என்ன செய்ய ஏலும்?"

"அதிகாரத்தைத் தூக்கினா பக்கமெல்லாம் நகரும். இண்டெக்ஸ் முழுக்கத் திரும்பச் செய்யோணும். அச்சகத்தில எங்கட முறை போயிடும். அதே பக்கங்களுக்குள்ள வேற அதிகாரம் எழுதித் தந்தா, நான் பாத்துக்கொள்ளுறன்."

"எழுதுறன்," என்றார் ரூத். "நான் எப்படி ஒருத்தரைக் கொலைகாரனாக்கினன், அது எப்படி உடைஞ்சது எண்டு."

மார்ட்டின் முன்னாலிருந்த அட்டைப் பிரதியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அட்டையைத் திரும்ப அடிக்கச் சொல்லுங்கோ," என்று சொல்லி எழும்பிப் போனார்.

அந்த வாரம் ரூத் என் மேசைக்கு எதிரே இருந்து எழுதினார். ஒரு பந்தி கூடினால் "நாலு வரி வெட்டோணும்" என்பேன். வாதாடாமல் வெட்டுவார். தன்னைக் காப்பாற்றக்கூடிய வரிகளைத்தான் முதலில் வெட்டினார். இப்படி ஒரு நூலாசிரியரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

வீட்டில் என் கணவர், "அப்ப ஆர்தான் செய்தது?" என்று கேட்டார்.

"தெரியாதாம்."

"தெரியாதெண்டு சொல்ல ஒரு புத்தகமோ?"

"ஓம். அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

3. எழும்பி நின்ற பெண்

டிவி நிறுவனம் விலகிவிட்டது. வெளியீடு கிழக்கு லண்டனில் ஒரு நூலகத்தில் நடந்தது. ரூத் பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எழும்பினார். ஐம்பது வயது இருக்கும். கையில் போன், அதில் எங்கள் பழைய கேட்டலாக் பக்கம்.

"இதில நீங்கள் பேர் போட்டிருக்கிற ஆள் என்ர அப்பாவின்ர பூட்டன். இது வந்த நாளிலயிருந்து இண்டர்நெட்டில என்ர குடும்பப் படங்களுக்குக் கீழ ஆக்கள் கண்டபடி எழுதுகினம். மகளைப் பள்ளிக்கூடத்தில கொலைகாரி எண்டு கூப்பிடுகினம்."

மார்ட்டின் எழும்பப் பார்த்தார். ரூத் கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார்.

"அது என்ர சொல்லு. அது பிழை. உங்களிட்டயும் மகளிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன்."

பிறகு ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து, கப்பல் கிரேவ்செண்டில் நின்ற பகுதியை நிதானமாக வாசித்தார். அந்தப் பெண் நின்றபடியே கேட்டார்.

"அப்ப அவர் நல்ல மனுசனோ?" என்றார் கடைசியில்.

"இல்லை. ஒரு பொம்பிளையை அடிச்சு மறியலுக்குப் போனவர். அதுக்கு ஆதாரம் இருக்கு. அதையும் எழுதியிருக்கிறன்."

அவரை ஆறுதல்படுத்த ஒரு பொய் போதுமாக இருந்தது. ரூத் அதையும் சொல்லவில்லை.

அந்தப் பெண் மெதுவாகத் தலையாட்டினார். "அது எங்கட வீட்டில எல்லாருக்கும் தெரியும்," என்றார். போகும்போது இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று மகளுக்கு, மற்றது பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கு.

புத்தகம் மெல்லத்தான் விற்றது. ஆனால் நிற்கவில்லை. பல்கலைக்கழகங்களில் ஒன்பதாம் அதிகாரத்தைப் பாடமாக வைத்தார்கள். மறுபதிப்பு வந்தபோது மார்ட்டினே புரூஃப் பார்த்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரூத்திடம் நான் படித்ததைச் சொல்கிறேன். உங்கள் முடிவுக்கு ஆதாரம் சேர்த்து முடித்த பிறகு அதே கவனத்தோடு அதை உடைக்கப் பாருங்கள். உடைந்தால் உடைந்ததை எழுதுங்கள். உடையாவிட்டாலும் நீங்கள் பெயர் சொல்லப்போகிற ஆளுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.